தயிர்சாத உருண்டை

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

இன்னும் சற்று நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். புருஷன் சௌந்தரபாண்டியின் பெருங்குடலை வெட்டி எடுக்கப் போகிறார்கள். பிறகு ஆயுசு முழுக்க மலம் இறங்க வயிற்றோடு ஒட்டிய ஒரு பை. ராத்திரியிலிருந்து அவனுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது; குடித்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களாம்.

புது மருந்தும் கேட்கவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். இந்த மனுஷனுக்கு மட்டும் குடல் புண்ணில் ரத்தம் நிற்கவில்லை. என்ன பாவம் செய்தோமோ!

எதிர் பெஞ்சில் புதிதாக ஒருவர். அவருக்கும் அதே புது மருந்துக் கேப்சூல். நர்ஸ் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

“உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாத துகள் சார். குடல்ல கெட்ட கிருமியைத் தேடிப் போய் ஒட்டிக்கும். இந்த மேல்கூடுதான் அதை வயித்தைத் தாண்டிக் கொண்டுபோகணும். உடைச்சுட்டீங்கன்னா வயித்து அமிலத்துலயே எல்லாம் போச்சு.”

அவள் சட்டென்று எழுந்தாள்.

முழுசாக விழுங்க வேண்டும் என்று அவளிடமும்தான் சொன்னார்கள். எந்த மாத்திரைக்குத்தான் அப்படிச் சொல்லவில்லை? அவனுக்கோ மாத்திரை தொண்டையில் இறங்காது. குமட்டி வெளியே தள்ளிவிடுவான். அதனால் தினமும் கேப்சூலைத் திருகிப் பிரித்தாள். பொடியைத் தயிர்சாதத்தில் பிசைந்து, உருட்டி, அவன் கையில் வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை.

அடிப் பாவி. கூட்டைக் குப்பையில் போட்டாயே.

வார்டுக்குள் ஓடினாள். பச்சை அங்கியில் மல்லாந்து கிடந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டட்டும் என்று நின்றாள்.

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும் புள்ள. மொத நாளே கசந்துச்சு. நீ ஆசையா உருட்டித் தர்றப்ப எப்படி வேணாம்ங்கிறது?”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

வராந்தாவில் சக்கரங்கள் உருளும் சத்தம்.

மீதிக் கேப்சூல்கள் இருந்த பையைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போய் வாசலை அடைத்து நின்றாள். இரண்டு கைகளையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டாள்.

“டாக்டரக் கூப்பிடுங்க. அவர் வராம இந்த ஆளு நகர மாட்டாரு.”

ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் ஏதேதோ கத்தினார்.

அவளுக்குப் பின்னால் பையின் ஜிப் இழுபட்டது. தண்ணீர் பாட்டிலின் மூடி திருகப்பட்டது.

அவள் திரும்பவில்லை. அவன் குமட்டுகிறானா என்று காதைத் தீட்டியபடியே நின்றாள்.