பாலைக் குறைத்தவர்

"மூணு மாசம் முன்னாடி ரத்தம் எட்டுதான் இருந்துச்சு. இப்போ பதினொண்ணு." பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டு வயது மகள், அப்பாவின் மடியில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வயிறு முட்டப் பால் குடிச்சா பிள்ளை எப்படிச் சாப்பிடும்? சாப்பிடலைன்னா இரும்புச்சத்து எங்கேர்ந்து வரும்? ரெண்டு டம்ளருக்கு மேல வேண்டாம்னு தொண்டை கிழியச் சொல்றேன். 'பாலைப் போய்க் குறைக்கச் சொல்றீங்களே'ன்னு எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. நீங்க ஒருத்தர்தான் மறுபேச்சு பேசலை."

அவர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

"உங்க தெரு அம்மாமாருங்களும் இப்போ தானாவே குறைச்சுட்டாங்க. யாரோ வீடு வீடா வந்து சொன்னாங்களாம். சுகாதாரப் பணியாளரா?"

"நான்தாங்க சொன்னேன். என் பிள்ளைக்கு ஒரு நியாயம், மத்த பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

டாக்டரம்மா வியந்துபோனார். "இதுக்காக வேலைவெட்டியை விட்டுட்டா வீடு வீடாப் போனீங்க?"

"என் வேலையே அதுதாங்க. எங்க தெருவுக்கு நான்தான் பால் ஊத்துறேன்."