இரண்டாவது முடிச்சு

குன்றேறும்போது அம்மா எப்போதும் முன்னால் போய்விடுவாள். லாரி ஓட்டி ஓட்டி முழங்கால் தேய்ந்த அப்பா மெதுவாகப் பின்னால் வருவார். அங்கே போன் எடுக்காது. மூடுபனி நாட்களில் அம்மா உச்சியிலிருந்து தன் நீலக் கைக்குட்டையை நாயின் கழுத்தில் கட்டி அனுப்புவாள். ஒரு முடிச்சு என்றால், பாதை நன்றாக இருக்கிறது, ஏறி வாருங்கள். இரண்டு என்றால், வழுக்குகிறது, அங்கேயே இருங்கள், நானே இறங்கி வருகிறேன்.

அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து, இன்று காலைதான் மறுபடி போனோம்.

"அவ இல்லாம காலே நகர மாட்டேங்குதும்மா" என்று அப்பா பாதியிலேயே பின்தங்கினார். நாய் வழக்கம்போல் பனிக்குள் ஓடியது.

திரும்பி வந்தபோது அதன் கழுத்தில் நீலக் கைக்குட்டை இருந்தது. ஒரே ஒரு முடிச்சு. அம்மாவைக் கடைசியாக அனுப்பிவைத்த அன்று, அதை அவள் கைக்குள் வைத்தது நான்தான்.

கீழே அப்பாவின் தடி பாறையில் தட்டும் சத்தம் நெருங்கியது. நான் மண்டியிட்டு அவசரமாக இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

அப்பா வந்தார். கைக்குட்டை எப்படி வந்தது என்று கேட்கவேயில்லை. முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டா?"

"ரெண்டுதான்ப்பா. மேல போக வேணாம். வீட்டுக்குப் போயிடலாம், வாங்க."

"வீட்டுக்கா? மறந்துட்டியா நீ? ரெண்டுன்னா அவளே இறங்கி வருவாளே."

பாறையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். அம்மாவின் கோப்பையில் டீயை ஊற்றி, ஆறிவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.