பச்சை மாறாத புல்

“உடம்பெல்லாம் மஞ்சளாயிட்டு வருது. காலைல தண்ணி குடுத்தியா, இல்லியா?”

கொளஞ்சிநாதன் போட்ட சத்தத்தில் தோட்டக்காரர் பாவாடை, தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வேளையும் குடுத்தேங்க.”

“அப்புறம் ஏன்யா இப்படி வாடுது? புள்ள மாதிரி வளத்திருக்கேன்!”

வாடியது புல். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி நடத்தும் கொளஞ்சிநாதன், பெங்களூரிலிருந்து லாரியில் வரவழைத்து வீட்டு முன்னால் விரித்த புல். ஐப்பசி மழையில் வேர் அழுகாமலிருக்க வடிகால் வெட்டினார். மார்கழிப் பனியில் நுனி கருகாமலிருக்க உரம் போட்டார். எந்தக் காலத்திலும் அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, அவரும் வைக்கமாட்டார். போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுப் பார்ப்பதோடு சரி.

அது 2003 சித்திரை. தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. அவர் வீட்டு போர்வெல்லில் மட்டும் தண்ணீர் இருந்தது. குடத்தோடு கேட்டருகே வந்த பெண்களிடம், “புல்லுக்கே பத்தலம்மா” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அவர் மனைவி நீலாவதி ஒரு படி மேலே போனாள். “முன்வாசல்ல வந்து நிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? போங்க!”

பெண்கள் முணுமுணுக்காமல் கலைந்தார்கள். கொளஞ்சிநாதனுக்கு மனைவியை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை புல்லில் மஞ்சள் மருந்துக்கும் இல்லை. “பாத்தியா, சத்தம் போட்டாத்தான் வேல நடக்குது” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வைகாசியில், மகன் பிரவீன்குமாருக்குச் சம்பந்தம் பேசத் திட்டக்குடியிலிருந்து பெண்ணின் அப்பா கோவிந்தசாமி வந்தார். நெல் விவசாயி. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி.

“ஊரே காஞ்சு கெடக்குது, உங்க வூட்ல மட்டும் எப்படிங்க?”

“பக்குவம் வேணும் சம்பந்தி! வேளாவேளைக்குத் தண்ணி. நம்ம கண்ணு அதும்மேலயே இருக்கணும்.”

“அப்ப நாற்காலி எதுக்குங்க?” என்றபடி கோவிந்தசாமி புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கொளஞ்சிநாதன் அவசரமாக ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பெண் வீட்டாரை எழுந்திருங்கள் என்று எப்படிச் சொல்வது?

நீலாவதி காபியோடு வந்தபோது கோவிந்தசாமி எழுந்தார். வேட்டியின் பின்புறம் முழுக்கப் பச்சை. உள்ளங்கையிலும் பச்சை. குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கிக் கசக்கினார்; பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இது செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுங்களே. சாயம்ல அடிச்சி வெச்சிருக்கீங்க!”

தன் கம்பெனி ஜாடிகளுக்குப் பூசும் அதே பச்சை என்று கொளஞ்சிநாதனுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“யோவ் பாவாடை! தெனம் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுதே, தண்ணி எங்கய்யா போச்சு?”

பாவாடை தலையைச் சொறிந்தார். “தெருவுக்குங்க. பின்வாசல்ல வந்து புடிச்சிட்டுப் போறாங்க.”

“என் வூட்ல, எனக்குத் தெரியாம! யாரு குடுத்த தைரியம்யா ஒனக்கு?”

நீலாவதி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

“நான்தாங்க. உங்களுக்குப் பச்சையா இருந்தாப் போதும், அவங்களுக்குத் தண்ணி வேணும்.”