சோப்புக்கு ஒரு சோப்பு

குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே, நடுநடுவே இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தன்னுடைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க அண்ணி. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடும்."

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ. எனக்கெதுக்கு?"

"நீங்கதான் முக்கியமா படிக்கணும்."

ஒரு அம்மாள் தன் சின்ன வயசைப் பற்றி எழுதியது. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற ஒரு மன வியாதியாம். பூட்டிய கதவை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பாளாம். கை கழுவுகிற சோப்பு அழுக்காக இருக்குமே என்று முதலில் சோப்பைக் கழுவுவாளாம். அதைக் கழுவ இன்னொரு சோப்பு! அப்போ அந்தச் சோப்பை?

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை முழித்துக்கொண்டது.

அப்புறம்தான் சுருக்கென்றது. பால் புட்டியைத் தொடுவதற்கு முன் சோப்பைக் கழுவுகிறவள் நான். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். இவள் பார்த்துவிட்டாளா? அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு வேறு! 'முக்கியமா'வாம்!

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நேற்று புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"குத்திக் காட்டணும்னா நேராவே சொல்லு. நான் சோப்பைக் கழுவுறதை மட்டும் உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே. பைத்தியம்னு குழந்தையை என் கையில குடுக்க மாட்டார்."

அவள் திருதிருவென்று முழித்தாள்.

"நீங்களுமா அண்ணி?"

"என்னடி, நீங்களுமான்னா?"

"அந்தக் கோடு எனக்காக நான் போட்டது. ஒரு மணி நேரம் பாத்ரூம்ல என்னடி பண்றேன்னு கேட்டீங்களே... வாயால சொல்ல வரல. புத்தகம் சொல்லட்டும்னு குடுத்தேன். நீங்க பேசவே இல்லையா, இனிமே என்னைக் குழந்தையைத் தொட விடமாட்டீங்கன்னு நினைச்சு..."

மூக்கை உறிஞ்சினாள். குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

இன்றைக்கு இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம். நீங்களும் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள். யாராவது கொண்டுவந்து கொடுத்தால், என்னை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், கொடுத்தவளிடம் முதலில்

"அண்ணி, நேரமாச்சு! வாங்க!"

இதோ வந்துட்