சாட்சிக்கு ஒருத்தி

கூடத்தில் இருந்தவர்கள்: மாமனார் அப்புசாமி, மாமியார் கண்ணாத்தாள், கொழுந்தன் சபரிநாதன், நாமக்கல்லில் இருந்து வந்த வக்கீல் வீரபாகு. உள்ளறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு தமிழினி.

பேச்சு அவளைப் பற்றித்தான். உட்காரச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் புருஷன் சரவணக்குமார் செத்து வருஷம் திரும்பிவிட்டது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போனவன் பெட்டியில் வந்தான்.

வருஷத் திதி கொடுத்த மறுநாளே அப்புசாமி முடிவு செய்துவிட்டார். மருமகளைச் சின்னவனுக்கே கட்டி வைப்பது. பேத்தி வீட்டை விட்டுப் போகக்கூடாது. கல்யாணத்தைப் பதிவு செய்யத்தான் வக்கீலைக் கூப்பிட்டிருந்தார்.

தமிழினி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. நாமகிரிப்பேட்டையில் அவள் அம்மாவே அண்ணன் போடும் சோற்றில் இருக்கிறாள். இவள் எங்கே போவது?

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது சபரி பதினோராம் வகுப்பு. டிபன் பாக்ஸில் முட்டை இல்லையென்றால் "அண்ணி" என்று சண்டைக்கு வருவான். இந்த ஒரு வாரமாக அவளை அவன் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் கேட்கிறான்.

"ஊருப் பசங்கெல்லாம் பொண்ணு கெடைக்காம கேரளா வரைக்கும் அலையறானுங்க," என்றார் அப்புசாமி. "எங்கூட்டுல பொண்ணு அடுப்படியிலயே நிக்குது. இதுக்கு எதுக்குங்க சட்டம்?"

வக்கீல் சிரித்துவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படியில்லீங்க ஐயா. அண்ணன் செத்தே போயிருந்தாலும், அவரு சம்சாரத்தைத் தம்பி கட்டறத சட்டம் ஒத்துக்கறதில்லீங்க. தாலி கட்டுனாலும் அவங்க பொண்டாட்டி ஆக மாட்டாங்க. ஒரே ஒரு வழி இருக்குது. உங்க சனத்துல இது காலங்காலமா நடக்கற வழக்கம்னா செல்லும். அக்கா மகளைக் கட்டறமே, அதுவே வழக்கம்ங்கறதாலதானுங்க ஓடுது. முன்னாடி இப்படிக் கட்டிக்கிட்ட பொம்பள ஆராச்சும் வந்து, ஆமாங்க, எங்கள்ல உண்டுங்கன்னு சத்தியம் பண்ணோணும்."

சந்தையில் பல் பிடித்துப் பார்க்கும்போது மாடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். தமிழினி அப்படித்தான் நின்றாள்.

அப்புசாமியின் முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்பது போல மனைவி பக்கம் திரும்பினார்.

"சொல்லு கண்ணாத்தா."

அத்தையை ஏன் கேட்கிறார் என்று தமிழினிக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் எதற்கும் வாய் திறக்காதவள் கண்ணாத்தாள். இந்தக் கல்யாணப் பேச்சிலும் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே தமிழினி அவளோடு பேசுவதை விட்டிருந்தாள்.

கண்ணாத்தாள் தரையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"இல்லீங்க தம்பி. எங்க சனத்துல அப்படியொரு வழக்கமே இல்லீங்க."

"ஏய்," என்றார் அப்புசாமி. "ரோசன பண்ணிச் சொல்லு."

"வருசக்கணக்கா ரோசன பண்ணித்தானுங்க சொல்றேன். கொழுந்தன்னா நாம சோறு போட்டு வளத்த புள்ளையாட்டம். அவனக் கட்டற வழக்கம் எங்கள்ல இல்லீங்க. எந்தக் கோர்ட்டுல கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

வக்கீல் அவளைப் பார்த்தார். அப்புசாமியைப் பார்த்தார். "அப்பறம் நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க," என்று பையை எடுத்துக்கொண்டார். அவருடைய பைக் சத்தம் தெரு முனை தாண்டியது.

கல்யாணம் நின்றுவிட்டது. சந்தோஷம் வருகிறதா என்று தமிழினி பார்த்தாள். வரவில்லை. குழந்தை தூங்கிக் கனத்தது, அவ்வளவுதான்.

அப்புசாமி எழுந்தார். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"அந்த வழக்கம் இல்லீன்னா, நீ எனக்கு ஆருடி?"

கண்ணாத்தாள் மடியில் கிடந்த தொலியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க அண்ணன் பொண்டாட்டிங்க."

சபரி போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்கும் இதுவரை யாரும் சொன்னதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அவரு கெணத்துல உழுந்து செத்தாரு. ஈரம் காயறதுக்குள்ள உங்களுக்குக் கட்டி வெச்சாங்க," என்றாள். "என்னைய ஆருங்க கேட்டா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளறைப் பக்கம் நடந்து வந்தாள். தமிழினியின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளி, தானும் நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.