வெட்டுப்பட்ட பத்தி

"இன்னைக்கும் அந்தப் பத்தியை வெட்டிட்டாங்க அக்கா. உங்க கை சும்மாவே இருக்காதா?"

தணிக்கை அலுவலகத்திலிருந்து திரும்பிய பக்கத்தை ஆசிரியர் மேஜைமேல் போட்டார். உதவி ஆசிரியை அதை ஆசையாக எடுத்துப் பார்த்தார். சிவப்புக் கோடு ஒவ்வொரு வரியின் மேலும் நிதானமாக ஓடியிருந்தது.

"முழுசாப் படிச்சுட்டுத்தான் வெட்டியிருக்கார், இல்ல?"

"படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? விழுந்த ஓட்டையை எதை வச்சு அடைக்கிறதுன்னு முழிக்கிறவன் நான். நேத்தும் பல்பொடி விளம்பரம்தான்."

நாலு மாதமாக இதே கூத்து. வீட்டுக் குறிப்புகள் எழுதுவது அந்த அம்மாளின் வேலை. சட்டையில் பட்ட மைக்கறையை எப்படி எடுப்பது என்று சமர்த்தாக ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் சிறைக்குப் போய்விடுவார். அமைச்சரைப் பற்றி எழுதி உள்ளே போன நிருபர் அவருடைய கணவர். இருமல் கூடிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, பெற்ற மகனைப் பார்க்கக் கண் ஏங்குகிறது என்று எழுதுவார். ஒரு வரிகூட அச்சேறியதில்லை. மகன் எங்கே என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வெட்டுப்பட்ட தாளில் அப்படி என்ன கிடைக்குமோ, தினமும் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போவார்.

"இன்னொரு தரம் வந்தா உரிமத்தை ரத்து பண்ணுவோம்னு ஓலை அனுப்பியிருக்காங்க. முப்பது குடும்பத்து வயித்துல அடிக்காதீங்க அக்கா."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், தம்பி. அப்புறம் நீங்க சொன்னபடி கேக்கறேன்."

அந்தக் குரலுக்கு முன்னால் ஆசிரியரின் கோபம் செல்லுபடியாகவில்லை.

மறுநாள் மதியம், பக்கங்களைத் தணிக்கைக்குக் கொண்டுபோகும் ஊழியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், ஒரு வெட்டுகூட இல்ல!"

ஆசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. "ஜெயிச்சுட்டீங்க அக்கா! நாளைக்கு ஊரே படிக்கும்!"

உதவி ஆசிரியையின் முகம் வெளுத்துப்போனது. பக்கத்தை அவர் தொடக்கூட இல்லை.

"ஏன் வெட்டலை? அந்த அதிகாரிக்கு என்ன ஆச்சு?"

"சீட்டுல ஆளே இல்லைங்க. குமாஸ்தா படிக்காமலே முத்திரை குத்திக் கொடுத்துட்டார். நேத்து நம்ம பக்கத்தை வெட்டி முடிச்சதுமே அதிகாரி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாராம். இன்னைக்குக் காலையிலேர்ந்து சிறை வாசல்ல மனுவோட நிக்கிறார். வர்ற வழியில நானே பார்த்தேன்."

"அந்த ஆளுக்கு அங்க என்ன வேலை?" ஆசிரியருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உதவி ஆசிரியை அழுதுகொண்டே சிரித்தார்.

"அப்பாவைப் பார்க்கப் போயிருக்கான், தம்பி. நான் போட்ட லெட்டரை எல்லாம் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான். தணிக்கைக்கு வந்ததைப் படிச்சுத்தானே ஆகணும்!"