எதிர்வீட்டு வாசனை

"உங்க கழுத்துல இது யாரோட வாசனை?"

துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வந்த கணவன் அப்படியே நின்றுவிட்டான். மனைவி இன்னும் ஓரடி நெருங்கி வந்து மூக்கை உறிஞ்சினாள். பொய் சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஏழு வருஷமாக அவனை மோப்பம் பிடித்துப் பழகிய மூக்கு அது.

"எதிர்வீட்டுக்காரிதானே?"

"அவசரத்துல கைக்கு அகப்பட்டதைத் தேச்சுக் குளிச்சிட்டேன்மா. சோப்புதானே, விடேன்."

"சோப்புதானேயா? நாமளே வீட்டுல சோப்பு செஞ்சு விக்கிறோம். நீங்க அவ செஞ்ச சோப்புல குளிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. வெட்கமா இல்லை?"

அவன் வேலையை விட்டு, இருவருமாகச் சமையலறையில் பாதியைப் பிரித்துக்கொண்டு இந்தத் தொழிலை ஆரம்பித்து ஐந்து மாதம். எண்ணெயையும் காரத்தையும் கலந்து அச்சில் ஊற்றுவது அவன். வாசனை சேர்ப்பதும், துண்டு போட்டு ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்குவதும் அவள். கட்டிலைத் தவிர வீட்டில் தட்டையாக இருந்த இடத்திலெல்லாம் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதமே எதிர்வீட்டுத் தம்பதியும் சோப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அங்கே புது ரகம் வந்ததென்று தெரிந்தால் போதும், தபாலாபீஸ் பக்கத்தில் குடியிருக்கும் தன் தங்கையை விட்டு ஒரு பெட்டி வாங்க வைப்பாள். முகர்ந்து, தேய்த்து, நுரைக்க வைத்து, வாய் வலிக்கத் திட்டிவிட்டு அலமாரியில் போடுவாள். அலமாரியில் இப்போது துணியைவிட எதிர்வீட்டுச் சோப்புதான் அதிகம்.

"ஆனா நல்லா நுரைக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் கணவன்.

அவ்வளவுதான், வந்ததே கோபம்.

"அப்ப அங்கேயே போய் அவளுக்கு அச்சுல ஊத்திக் குடுங்க!" என்றவள், அதே சூட்டில் தங்கைக்கு போன் போட்டாள். "இந்தாடி, இனிமே அவகிட்ட ஒரு துண்டுகூட வாங்காதே. நாம வாங்கி வாங்கித்தான் அவளுக்குத் தலைக்கனம் ஏறிப் போச்சு."

கணவன் சட்டையை மாட்டியபடியே மெல்ல ஆரம்பித்தான். "பழைய மேனேஜர் பேசினார். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். இதை விட்டா வேற ஆளை எடுத்துடுவாங்க."

அவள் குரல் சட்டென்று இறங்கியது. அந்த வேலை வெளியூரில். "மறுபடியும் மாசத்துக்கு ரெண்டு நாள்தான் புருஷன் முகத்தைப் பார்க்கணுமா? அந்தப் பொழப்பு வேண்டாம்னுதானே இதை ஆரம்பிச்சோம்? நமக்கு டீச்சர் இருக்காங்க. பயப்படாதீங்க."

டீச்சர் நாலு தெரு தள்ளியிருந்து வருபவர். மற்றவர்கள் எல்லாம் விசாரித்தார்கள், முகர்ந்தார்கள், 'அப்புறம் சொல்றேன்' என்று நழுவினார்கள். டீச்சர் மட்டும் புது ரகம் வந்த மறுநாளே வந்து, விலை பேசாமல் ஒரு பெட்டி வாங்கிப் போவார். அவருக்காகவே வாரத்துக்கு ஒரு புது ரகம் போட்டுக்கொண்டிருந்தாள் இவள்.

"ஒரு தடவை வாங்கினதை அவங்க மறுபடி கேட்டதே இல்லை, கவனிச்சியா?" என்றான் கணவன்.

"ரசனை உள்ளவங்க அப்படித்தான் இருப்பாங்க. எல்லாத்துலயும் நொட்டை சொல்லாதீங்க."

மாசக் கடைசியில் ஒரு காலை, வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரி! கையில் தூக்க முடியாமல் ஒரு பை.

"நாங்க சோப்புப் போடுறதை நிறுத்திட்டோங்க. இதுல மிச்ச எண்ணெயும் அச்சும் இருக்கு. உங்களுக்காவது உதவட்டும்."

இவளுக்கு உள்ளே குதியாட்டம். முகத்தைப் பாடுபட்டுச் சோகமாக்கிக்கொண்டாள். "அடடா, ஏங்க? நல்லாத்தானே போயிட்டிருந்தது?"

"எங்கே போச்சு? விடாம வாங்கினது ஒரே ஒரு பொண்ணு. தபாலாபீஸ் பக்கத்துல வீடு. மூணு வாரமா அவளையும் காணோம்." எதிர்வீட்டுக்காரியின் கண் கலங்கியது. "எங்க வீட்டுக்காரர் நேத்து வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போயிட்டார். இனி மாசத்துக்கு ஒரு தடவைதான்."

கணவன் மனைவியைப் பார்த்தான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒரு நொடிதான்.

"ஏங்க, போய் மேனேஜருக்கு போன் போட்டு வரலைன்னு சொல்லிடுங்க" என்றாள், எதிர்வீட்டுக்காரிக்கு நன்றாகக் கேட்கும்படி. அவன் உள்ளே போனான்.

"வரலைங்க சார்... ஆமா, முடிவாத்தான் சொல்றேன். நீங்க வேற ஆளைப் போட்டுக்கோங்க."

அந்தக் குரலைக் கேட்டு இவளுக்கு மனசு குளிர்ந்தது. கட்டி வைத்திருந்த புதுப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். "கடவுள் புண்ணியத்துல எங்களுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. வாரம் தவற மாட்டாங்க. அவங்க ஒருத்தர் போதும், நாங்க பொழச்சுக்குவோம். நாளைக்கு வருவாங்கன்னு இதை எடுத்து வச்சிருக்கேன்."

எதிர்வீட்டுக்காரி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்த கணவனைப் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க... டீச்சர் என் நாத்தனார்."